மோப்பக் கிருமிகள்

சாயக்கழிவை மோப்பம் பிடித்துப் போய், அதைக் கலக்குகிறவன் வாசலில் பச்சையாக ஒளிரும் என்று பீற்றிக்கொண்டுதான் அந்தக் கிருமிகளை அரசாங்கம் சாக்கடையில் விட்டது. அவையோ சாயப்பட்டறையைத் தாண்டிவந்து, டீக்கடை மயிலாத்தா டம்ளர் கழுவி ஊற்றும் இடத்தில் மொய்த்து மின்னின.

கடைக்குச் சீல் வைக்க அதிகாரி வந்து நின்றார்.

"கிருமி பொய் சொல்லாதும்மா."

மயிலாத்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பட்டறைத் தண்ணியில எறங்குனா அது செத்துப்போயிருமுங்க. உசுரு பொழைக்கச் சர்க்கரைத் தண்ணியத் தேடி ஓடியாந்திருக்குது."

"எனக்கே பாடமா? சீல் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு டீ போடு. சர்க்கரை தூக்கலா."

டம்ளரை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"நீங்களும் பட்டறையத் தாண்டித்தானுங்களே வந்தீங்க? கிருமிக்காவது கண்ணு இல்லீங்க."