குழம்பு வாசம்

கடலில் மாண்டவன் உடல் கரை சேரும்வரை அவன் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அவனைத் தின்ற மீனாக இருந்துவிட்டால்? ஆடிக் காற்றில் கணவன் கடலோடு போனதிலிருந்து ஜெசிந்தா பருப்பும் ரசமுமாக ஒப்பேற்றினாள். பக்கத்து வீட்டுக் குழம்பு வாசம் மட்டும் சுவரேறி வந்தது. பிறகு கடல் செம்மண் கரைத்ததுபோல் சிவந்து, செத்த மீன்கள் கரையில் ஒதுங்கின. ஏதோ பாசி பெருகிவிட்டது, மீனைத் தொடவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போனார்கள். பக்கத்து வீட்டு மெற்றில்டா முருங்கைக்கீரையோடு வந்தாள். துக்கம் கேட்டுப் போனபின் அவள் வருவது அதுதான் முதல்தடவை. “ஏட்டி, மீன் இல்லாம ஒரு வாரத்துக்கே எங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. நீ எப்பிடித்தான் இருந்தியோ,” என்றாள். இருவரும் கீரை உருவினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடல் தெளிய வேண்டிச் சாமியார் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஜெசிந்தா சொல்லவில்லை.