நீட்டிய கை

“கையைக் குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கத்தினான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த இல்மரி.

உறைந்த ஏரியில் வெட்டிய குழிக்குள், மிதவை உடையோடு கழுத்தளவு தண்ணீரில் கிடந்தாள் தாரு. மூழ்குகிறவள் வேஷம் இன்று அவளுக்கு. பனி மேல் குப்புறப் படுத்திருந்த ஹில்க்கா, நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கயிறு பக்கத்தில் சும்மா கிடந்தது.

“தள்ளி இருந்து கயித்தை வீசணும். கையைக் குடுத்தா ரெண்டு பேருமே உள்ளே! இது மூணாவது தப்பு. இன்னொரு தப்புக்கு மீட்புக் குழுவுல இடமில்லை. வீட்ல உக்காந்து ரொட்டி சுடுங்க.”

பக்கத்து ஊரிலிருந்து பயிற்சிக்கு வந்த தாருவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரமாக இவன் வாயில் நல்ல வார்த்தையே வந்ததில்லை.

“அவங்களுக்கு அறுபது வயசு. கொஞ்சம் பதமாப் பேசுங்க.”

“பனிக்கட்டி வயசு கேக்குமா?”

நான்காவது முறை ஹில்க்கா ஊர்ந்து வந்தாள். கை தானாக நீண்டது. அதை மடக்கி நெஞ்சுக்கடியில் அமுக்கிக்கொண்டு, மற்ற கையால் கயிற்றை வீசினாள். தாரு பிடித்துக்கொண்டாள்.

“தேறிட்டீங்க” என்றான் இல்மரி, மனசே இல்லாமல்.

பிறகு பனியில் துளை போடும் துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியின் நடுவை நோக்கித் தனியாக நடந்தான். மார்ச் வெயிலில் பனி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தது. தினமும் அதன் கனத்தை அளந்து கரையில் எழுதி வைப்பது அவன் வேலை. மீன் பிடிக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

கரையில் தாரு காப்பி ஊற்றிக் கொடுத்தாள். “இவ்வளவு திட்டு வாங்கி இதுல சேரணுமாக்கா?”

“நமக்குச் சொல்லிக் குடுத்த முதல் விதி என்ன?”

“பனி மேல தனியாப் போகக் கூடாது.”

“ஊருக்கெல்லாம் சொல்றவன் எப்படிப் போறான் பாரு. கூட வரேன்னா, தேறினவங்கதான் வரலாம்ங்கறான். இப்ப தேறிட்டேன்ல?”

காப்பியைத் தொடாமல், கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள் ஹில்க்கா.

“அது சரி, ஒவ்வொரு தடவையும் ஏன்க்கா கையையே நீட்டினீங்க?”

“குழியில எனக்கு உன் முகமா தெரிஞ்சுது? இல்மரி முகம்ல தெரிஞ்சுது! பெத்தவ கை சும்மா இருக்குமா?” என்று சொல்லிவிட்டு, மகன் போன தடத்திலேயே பனியில் இறங்கினாள்.