பிறந்த வீட்டுக் கோடி

"பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாம எடுக்க முடியாது ஆத்தா. உன் மாமன் வர்றாரா இல்லையா, அதச் சொல்லு."

பெரியப்பா சுந்தரலிங்கம் மூன்றாவது தடவையாகக் கேட்டார். நல்லது கெட்டதில் சட்டம் பேச ஊருக்கு ஒருவர் இருப்பார். உத்தமபாளையத்தை ஒட்டிய அந்த ஊருக்கு அவர்தான்.

உமாதேவி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மணி நாலாகிவிட்டது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும்.

"சொல்லியாச்சு பெரியப்பா. வருவாக."

அதில் பாதிதான் உண்மை. காலையில், அம்மா எப்போதோ பதிந்து கொடுத்த ஆண்டிபட்டி நம்பருக்குப் போன் போட்டு, "மாமா, அம்மா போயிருச்சு" என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் லைன் கட்டானது. அம்மா சுருளியம்மாள் வீட்டை எதிர்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து முப்பத்தைந்து வருஷம். அதன்பிறகு தவசி மாமா தங்கச்சி வாசலை மிதிக்கவே இல்லை. அப்பா செத்ததற்குக்கூட வரவில்லை. அவர் முகம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, உமாதேவிக்கும்தான்.

"பேசாம நாமளே ஒரு சேலை எடுத்துப் போட்டா என்ன?" என்றாள் பங்காளி வீட்டுக் கருத்தம்மாள்.

"நாம போட்டா அது புகுந்த வீட்டுக் கோடி. பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லாமப் போய்ச் சேந்தாகன்னு ஊரு பேசும். அது பரவாயில்லையா உனக்கு?" என்றார் சுந்தரலிங்கம்.

கருத்தம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எம் மக தலைப்பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில மூணு நாளாக் கிடந்தா. பெத்தவ நானே வீட்டுக்குத் தூங்கப் போயிட்டேன். இவுக அங்கனயே கிடந்தாகளே!"

சுருளியம்மாளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனால் இருபது வருஷமாகக் காலை ஏழு மணிப் பஸ்ஸில் அங்கே போய்விடுவாள். ஓ.பி. சீட்டுப் போடத் தெரியாதவர்களுக்குப் போட்டுக்கொடுப்பாள். ஸ்கேன் எடுக்கும் இடம் தெரியாமல் முழிப்பவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். சாயந்தரம் வீடு திரும்பும்போது பேச்சுக்கூட வராது, அவ்வளவு அலுப்பு.

உமாதேவி அம்மாவின் முந்தானையைத் தடவினாள். நைந்துபோயிருந்தது. ஆடித் தள்ளுபடியில் வருஷம் தவறாமல் ஏழெட்டுச் சேலை எடுப்பாள் அம்மா. ஒன்றைக்கூட உடுத்தி யாரும் பார்த்ததில்லை. போன தீபாவளிக்குக்கூட உமாதேவி கத்தினாள்.

"பீரோவுல ஒண்ணையுங் காணோம்! யாருக்குத்தேன் தூக்கிக் குடுக்குற?"

"வேண்டியவுகளுக்குத்தேன்" என்று சிரித்தாள் அம்மா.

ஏன்தான் கத்தினோமோ என்றிருந்தது இப்போது. ஊருக்கெல்லாம் ஓடிய அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழத் துணி வரவில்லை.

வாசலில் ஆட்கள் விலகினார்கள். அறுபது வயதிருக்கும் ஒருவர், வியர்வையில் நனைந்த சட்டையும் கையில் துணிக்கடைப் பையுமாக நின்றார்.

"கோடி கொண்டாந்திருக்கேன்."

அவ்வளவுதான், கூட்டமே எழுந்துவிட்டது. "மாமன் வந்துட்டாரு! ஆண்டிபட்டி மாமன் வந்துட்டாரு!"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுந்தரலிங்கமே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "வரவா வேணாமான்னு இம்புட்டு நேரம் யோசிச்சீகளாக்கும்?"

"சேதி தெரிய நேரமாயிருச்சுங்க."

அவர் சேலையைப் பிரித்து அம்மாமேல் போர்த்தினார். "தாயி... என் தாயி..." என்று தேம்பினார். உமாதேவி அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அம்மா உசுரோட இருக்கையில வந்திருக்கக் கூடாதா மாமா?"

அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தார்கள். அவர் சுடுகாடுவரை வெறுங்காலோடு நடந்தார். முல்லைப் பெரியாற்றில் முங்கிவிட்டு மற்ற ஆண்களோடு திரும்பி வந்தார். உமாதேவி அவருக்குத் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு பத்து நாளு இங்கன தங்கிட்டுப் போங்க மாமா."

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். 'தவசி மாமா' என்றிருந்தது.

எதிரே இருந்தவரைப் பார்த்தாள். அவர் கையில் டீ டம்ளர்தான் இருந்தது.

"உமா... நான் மாமன் பேசுறேன்." அழுது அழுது கட்டிப்போன குரல். "காலையிலயே சேலை எடுத்துட்டேன் ஆத்தா. தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல வர மூஞ்சியில்லாம இங்கனயே உக்காந்திருக்கேன். எடுத்துட்டீகளா? கோடி யாராச்சும் போட்டாகளா?"

எதிரே இருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

"மன்னிச்சுக்க ஆத்தா. எனக்கு ஊரு தேவாரம், பேரு செல்லப்பாண்டி. அஞ்சு வருசத்துக்கு முன்ன என் சம்சாரம் அந்த ஆஸ்பத்திரியில செத்துப்போனா. பிறந்த வீடுன்னு அவளுக்கு யாருமில்ல. 'நாந்தேன் கூடப் பிறந்தவ'ன்னு புதுச்சேலையோட எங்க வாசலுக்கு வந்தது உங்கம்மாதேன். 'எனக்கும் போட ஆளில்ல'ன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னாக. அத என்னால மறக்க முடியல."

"உமா, கேக்குதா?" போனில் குரல் உடைந்தது. "என் தங்கச்சிக்குக் கோடி யாரு போட்டா?"

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவுகதேன் மாமா."