வழியனுப்பு பெனால்டி

"பந்து வரும். நீங்க தப்பான பக்கம் விழுவீங்க. அவ்வளவுதான் வேலை, மலோ."

கெர்மோர் கிளப்பின் தலைவி மதாம் பிரிஜான், தன் மருந்துக்கடையில் மாத்திரைக்கு வேளை சொல்லும் அதே குரலில் சொன்னார். உடை மாற்றும் அறையிலிருந்த மற்றப் பழைய ஆட்டக்காரர்கள், பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதில் திடீரென்று மும்முரமானார்கள்.

மலோ கையுறையை மாட்டிக்கொண்டே, "முடியாதுங்க" என்றான்.

அன்றைய ஆட்டம் பஸ்தியேன் கோர்வெக்குக்காக. பிரான்சின் பெரிய மைதானங்களையெல்லாம் கலக்கிவிட்டு ஓய்வு பெற்ற ஸ்டிரைக்கர், பிறந்த துறைமுக ஊரான கெர்மோரில் கடைசியாக ஒருமுறை ஆடுகிறான். இந்த மாதிரி வழியனுப்பு ஆட்டங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முடிகிற நேரத்தில் நடுவர் எதையோ பார்த்ததாகச் சொல்லி ஒரு பெனால்டி கொடுப்பார். கோல்கீப்பர் நாகரிகமாக ஏமாந்துபோவார். ஊர் எழுந்து நின்று கைதட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

மலோவுக்கு மட்டும் இருந்தது.

பல வருடங்களுக்கு முன் ஒரு கோப்பை அரையிறுதி. கோர்வெக் அப்போது பெரிய கிளப் ஒன்றில் இருந்தான். கெர்மோரை எதிர்த்து ஆட வந்தான். கடைசி நிமிடத்தில் பெனால்டி. கெர்மோருக்குக் கோல்கீப்பர் மலோ. இருவரும் ஒரே தெருவில் ஒரே பந்தை உதைத்து வளர்ந்தவர்கள். கோர்வெக் எப்போதும் அடிப்பது கோல்கீப்பரின் வலக்கைப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மலோவும் சரியாக அந்தப் பக்கம்தான் பாய்ந்தான். விரலை உரசிக்கொண்டு பந்து உள்ளே போய்விட்டது.

சொந்த ஊருக்கு எதிராகக் கோல் போட்டவன் அதைக் கொண்டாடக் கூடாது என்பது ஆட்டக்காரர்களின் மரியாதை. கோர்வெக்கும் கையைத் தூக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். ஊர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? நண்பனுக்கு நண்பன் விட்டுக்கொடுத்துவிட்டான், அவ்வளவுதான்.

அன்று முதல், சைடர் என்னும் ஆப்பிள் மது விற்கும் கடையில் யார் கையிலிருந்து கோப்பை நழுவினாலும், "என்னப்பா, மலோ கையா?" என்பார்கள். கோர்வெக்கைச் சீக்கிரமே மன்னித்தார்கள். அவன் டிவியில் வருகிறவன். சிப்பி லாரி ஓட்டுகிற மலோவை மன்னிக்க யாருக்கும் அவசரமில்லை.

"இன்னிக்கும் விட்டா, அன்னிக்கும் விட்டேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றான் மலோ.

மேயர் வந்திருப்பதை மதாம் பிரிஜான் நினைவூட்டினார். வேறு கோல்கீப்பரை இறக்கிவிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தார். அந்த வேறு கோல்கீப்பர் வெளியே தொத்திறைச்சிக் கடை முன்னால் சைடரோடு செட்டிலாகிவிட்டதாக, மூலையிலிருந்த ஆட்டக்காரன் ஜோஸ்லேன் தகவல் கொடுத்தான். தலைவி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

அடுத்து கோர்வெக்கே வந்தான். முழங்காலில் தடித்த கட்டு. மலோவின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான்.

"டேய், இவங்க ஏற்பாடெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குப் பிச்சை போடாதே."

"போட மாட்டேன்."

"அடுத்த வாரம் இந்த முட்டியைக் கழட்டிட்டு வேற மாட்டுறாங்க. அப்புறம் பந்தெல்லாம் டிவியிலதான். போறப்ப நிஜமா ஒண்ணு போட்டுட்டுப் போறேன்."

"போட்டுப் பாரு."

கோர்வெக் சிரித்தான். கதவு வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே போனான். மலோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழைத் தூறலில் நடந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயிறுகள் முன்னே ஓட, ஆட்கள் பின்னே ஓடினார்கள். முடிகிற நேரத்தில் யாரும் தொடாமலே கோர்வெக் விழுந்தான்; நடுவர் பெரிய குற்றத்தைக் கண்ட முகத்தோடு விசில் ஊதினார்.

மைதானமே எழுந்து நின்றது. "மலோ, உனக்குப் பழக்கம்தானே" என்று மேலே யாரோ குரல் விட, வரிசை வரிசையாகச் சிரித்தார்கள்.

கோர்வெக் பந்தை வைத்தான். நொண்டியபடி பின்னால் போனான். ஓடி வந்து அடித்தான்.

மலோ பாய்ந்தான். பந்து அவன் இரண்டு கைகளுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது.

 சைடர் கடைக்காரர்தான் முதலில் தொப்பியைக் கழற்றினார். மேயரே உட்கார்ந்திருக்கும்போது விட்டுக்கொடுக்காதவன் அன்றைக்கா விட்டுக்கொடுத்திருப்பான் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அந்தக் கேள்வி வரிசை தாண்டி வரிசை போனது. கைதட்டல் கிளம்பியது. மதாம் பிரிஜான்கூடக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது.

அவர்களுக்கு முன்னால் கோர்வெக் நொண்டி வந்து மலோவைக் கட்டிக்கொண்டான்.

"என் பக்கம்தான் உனக்குத் தெரியுமேன்னு, வாழ்க்கையிலே முதல் தடவையா மாத்தி உன் இடக்கைப் பக்கம் அடிச்சேன்டா. எப்படிடா கண்டுபிடிச்சே?"

அதற்குள் ஊர் மலோவைத் தோளில் தூக்கிவிட்டது.  பந்து வலப்பக்கம் உள்ளே போகட்டும் என்றுதான் அவன் இடப்பக்கம் பாய்ந்திருந்தான்.