மண்ணாங்கட்டியின் மகன்

ஆதவன் மண்ணாங்கட்டி, நிகிலன் மண்ணாங்கட்டி... எந்தப் பெயரும் அப்பன் பெயரோடு ஒட்டித் தொலைக்கவில்லை. தொட்டிலருகே பட்டியலும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தான். அவனுக்கு முன் பிறந்த இரண்டும் செத்துப்போனதால், எமன் சீந்தாமல் இவனாவது தங்கட்டும் என்று அவன் அம்மா வைத்த பெயர் அது.

"பிச்சைன்னு வைங்க," என்றாள் அவன் மனைவி வளர்மதி.

"கிண்டலா? இந்த வீட்டுக்கு என் பேரு ஒண்ணு போதாதா?"

"கிண்டல் இல்லீங்க. இவனாவது தங்கணும்."

பென்சில் நின்றது. கல்யாணமாகிப் பதினோரு மாதம். இதுதான் தலைப்பிள்ளை.

"இவனாவதுன்னா?"

வளர்மதி நிமிரவில்லை. குழந்தையின் ஈரத்துணியை உருவிவிட்டுப் புதுத்துணியைச் சுற்றி முடிச்சிட்டாள். தலைப்பிள்ளைக்காரியின் தடுமாற்றம் அந்தக் கையில் கொஞ்சமும் இல்லை.