கிடாயின் உத்தரவு

காசிராசனின் மரபணுவை ஆட்டு விந்தணுவில் ஏற்றிப் பிறக்கவைத்த கிடாய் அது. அதன் சிறுநீரகத்தை வைத்துத்தான் இனி அவன் பிழைக்கவேண்டும்.

ஆபரேஷன் அறை வாசலில் அவன் மனைவி வேலுத்தாய் கிடாயை மறித்து, அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அது சிலிர்த்துத் தலையை உதறினால்தான் கருப்பசாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம்.

கிடாய் அசையவில்லை. மறுபடி தெளித்தாள். அப்போதும் அது கல்லாக நின்றது.

"நேரமாகுதும்மா," என்றார் டாக்டர்.

தள்ளுகட்டிலில் கிடந்த காசிராசன் தலையைத் தூக்கினான். "சாமி குடுக்கலைன்னா விட்டுரு புள்ள. அதுவும் எம் ரத்தந்தானே."

"நீங்க பேசாமப் படுங்க," என்றாள்.

வேலுத்தாய் குனிந்து கிடாயின் காதை விரித்தாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே உள்ளே ஊற்றினாள். கிடாய் துடிதுடித்துத் தலையை உதறியது.

"உத்தரவு கெடச்சிருச்சு, கொண்டுபோங்க," என்றாள், கணவன் முகத்தைப் பார்க்காமல்.