வேகாத அரிசி

விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்தாகிவிட்டது என்று ஹேமா சொன்ன பிறகு, கடைசியாக ஒரு முறை மூன்று பேருமாகப் போய்வருவோம் என்று கெஞ்சித்தான் தயாளன் மனைவியையும் மகளையும் இந்தக் காட்டுக்குக் கூட்டிவந்திருந்தான். மழையில் தீப்பெட்டி ஊறிவிட்டது. கூடாரத்துக்குள் குந்தி ஒவ்வொரு குச்சியாக உரசினான், மருந்துதான் உதிர்ந்தது. பசி தாங்காமல் மகள் நிலானி பையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி மென்றாள். “அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்,” என்றான், யாரையாவது சிரிக்கவைத்துவிடும் தவிப்பில். “உங்க கல்யாணத்துல கொட்டுச்சாப்பா?” அவன் ஹேமாவைப் பார்த்தான். காலையிலிருந்து பேசாதவள் வாய் திறந்தாள். “சொட்டு மழை இல்ல. நல்ல வெயில்.” நிலானி மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அரிசியை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள்.